பச்சைப் பெட்டியில் ஒரு அட்டை

ஆஸ்பத்திரியில் அவளுக்கு விழுந்த பெயர் ‘இருக்காரா அக்கா’. முதலில் யார் வாயிலிருந்து வந்ததோ, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தொடங்கி கேன்டீன் வரை பரவி, கடைசியில் வருகைப் பதிவேட்டை நீட்டுகிறவரே அப்படித்தான் கூப்பிட்டார். அக்காவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நாள் தவறாமல் வீடு வீடாகப் போன் போட்டு “இருக்காரா?” என்று கேட்கிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது.

எலும்புப் புற்றுநோய்ப் பிரிவின் பதிவறை அவளுடையது. மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று, மேசை ஒன்று, மேசைமேல் மூன்று பெட்டிகள். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அக்கா கூப்பிட்டு விசாரிப்பாள். இருக்கிறார் என்றால் அட்டை பச்சைப் பெட்டிக்குப் போகும். இல்லை என்றால் சாம்பல் பெட்டி. மூன்று முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை, கடிதத்துக்கும் பதில் இல்லை என்றால் மஞ்சள் பெட்டி. மஞ்சளில் ஓர் அட்டை விழுந்துவிட்டால் அன்றைக்கு அக்காவுக்குச் சாப்பாடு இறங்காது. பழைய எண், பக்கத்து வீட்டு எண், வேலை பார்த்த இடத்து எண் என்று தோண்டித் துருவி, அந்த ஆளைப் பச்சையிலோ சாம்பலிலோ சேர்த்த பிறகுதான் மூச்சு விடுவாள். ஒன்பது வருஷத்தில் மஞ்சளிலேயே தங்கிப்போனவை நாலே நாலு.

இதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு பார்சல் கம்பெனியில் புகார் கேட்கும் நாற்காலியில் இருந்தாள். வராத பார்சலுக்கும் நசுங்கி வந்த பார்சலுக்கும் ஊரார் திட்டையெல்லாம் வாங்கி வாங்கி, மனுஷக் குரலில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் காதுக்குப் பழகிவிட்டது. கம்பெனியை மூடினார்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முதல் நாள், முதல் அழைப்பு. ஓர் அப்பா எடுத்தார். மகள் போய் இருபது நாளாகிறது என்று, கடைக்குப் போயிருக்கிறாள் என்பது மாதிரி நிதானமாகச் சொன்னார். அக்கா போனை வைத்துவிட்டு மாடிப்படியில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வேண்டாமென்றால் விட்டுவிடேன் என்றார் வீட்டுக்காரர். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து, எதற்கெடுத்தாலும் காலைப் பிரேக்கில் வைத்தே பழக்கம். அக்கா மறுநாள் எட்டரைக்கெல்லாம் போய் இரண்டாவது எண்ணை அழுத்தினாள்.

இது நடந்த வருஷம் பெரிய டாக்டர் ஓர் ஆய்வு எழுதிக்கொண்டிருந்தார். எலும்பில் புற்றுநோய் வந்தவர்களில் யார் பிழைக்கிறார்கள், யார் பிழைப்பதில்லை, எதனால். பத்து வருஷத்து அட்டைகள், நூற்று நாற்பத்தொரு பேர். கட்டி எந்த எலும்பில், எவ்வளவு பெரியது, வந்த அன்றே நுரையீரலுக்குப் பரவியிருந்ததா, ஆபரேஷனுக்கு முன்னால் கொடுத்த கீமோவில் கட்டி எவ்வளவு செத்தது, வெட்டிய ஓரத்தில் மிச்சம் இருந்ததா என்று கட்டம் கட்டமாக மேசையளவு ஒரு தாள். அட்டையைப் பார்த்துப் பார்த்துக் கட்டங்களை நிரப்புவது அக்காவின் பொறுப்பு.

நிரப்பிக்கொண்டே வந்தவள் ஓர் அட்டையில் நின்றுவிட்டாள். நோய் வந்தபோது இருபத்திரண்டு வயது, இப்போது இருபத்தாறு. தொடை எலும்பின் கீழ்முனை, முழங்காலுக்குச் சற்று மேலே. சின்னக் கட்டி. நுரையீரல் சுத்தம். கீமோவில் கட்டியின் நூற்றில் தொண்ணூற்றாறு பங்கு செத்திருந்தது. காலை எடுக்காமல், கெட்டுப்போன எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உலோகம் வைத்திருந்தார்கள். எந்தக் கட்டத்தில் பார்த்தாலும் வகுப்பில் முதல் மாணவன். அதற்குக் கீழே அக்காவின் கையெழுத்தில் ஏழு முறை ‘இருக்கிறார், நலம்’.

கடைசிக் கட்டம், நெஞ்சு ஸ்கேன் கடைசியாக எடுத்த தேதி. பத்தொன்பது மாதத்துக்கு முந்தைய தேதி அது.

இந்த நோய் திரும்பி வந்தால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் வரும். வந்த புதிதில் வலிக்காது, இருமாது, ஆளை இளைக்க வைக்காது. அதற்காகத்தான் நன்றாக இருக்கிறவர்களையும் தேதி போட்டு ஸ்கேனுக்கு வரச் சொல்வது. இதெல்லாம் அக்காவுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் அவள் கையிலிருந்த படிவம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டது, அவளும் அதைத்தான் கேட்டாள். மூன்று ஸ்கேன்களைத் தவறவிட்ட ஒருவனை, தன் கையாலேயே நலம் நலம் என்று எழுதி பச்சைப் பெட்டியில் போட்டுவந்திருக்கிறாள்.

போன் போட்டாள். வழக்கம்போல அவனுடைய அண்ணிக்காரிதான் எடுத்தாள். கொழுந்தன் நல்லா இருக்கான், கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போகிறான், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாம் என்றுகூட வீட்டில் பேச்சு என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஸ்கேன் விஷயத்தையும் அக்கா கேட்டாள். இனி வர வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டதாக அவன் வீட்டில் சொல்லியிருக்கிறான்.

“நீங்க அதை இதுவரைக்கும் கேட்கவே இல்லையேம்மா,” என்றாள் அண்ணி. “கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே.”

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அதனால்தான் அக்காவுக்கு அதிகம் உறைத்தது.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அண்ணி சொன்ன கண்ணாடிக் கடைக்கு இரண்டு பஸ் மாறிப் போனாள். நீளமான கடை. சுவரோரம் ஆளுயரக் கண்ணாடிகளைச் சாய்த்து அடுக்கியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் தன்னையே ஏழெட்டுப் பேராகப் பார்த்துத் திகைத்தாள். நடுவில் கம்பளி விரித்த பெரிய மேசை. அவன் குனிந்து, அளவுக்கட்டையை அழுத்திப் பிடித்து, வெட்டுச் சக்கரத்தை ஒரே இழுப்பாக இழுத்தான். மெல்லிய கீறல் சத்தம். பிறகு மேசை விளிம்புக்கு நகர்த்தி இரண்டு கையாலும் ஒரு சின்ன அழுத்து. கண்ணாடி கீறல் வழியே ‘டக்’கென்று இரண்டானது. நிமிர்ந்தவன், ஆஸ்பத்திரியில் பார்த்துப் பழகிய அக்காவை அடையாளம் கண்டுகொண்டான். முகம் வெளுத்துவிட்டது.

கடை முதலாளி, என்னம்மா வேணும் என்று கேட்டபடி வந்தார். அவன் கண்கள் கெஞ்சின. ஒரு நொடியில் அக்காவுக்கு விளங்கிவிட்டது: இங்கே யாருக்கும் தெரியாது. காலைச் சாய்த்து நடப்பதற்குப் பைக்கில் விழுந்த கதையோ எதுவோ சொல்லி வைத்திருக்கிறான். பதினோரு வருஷம் புகாருக்குப் பதில் சொன்ன வாய் சட்டென்று தயாரானது. அலமாரிக் கதவுக்குக் கண்ணாடி வேண்டும், இடது பக்கத்துக் கதவில் உடைந்து இரண்டு வருஷமாகக் காலண்டர் அட்டையை ஒட்டி வைத்திருக்கிறோம் என்றாள். பொய்யும் இல்லை.

அளவு குறிக்கிற சாக்கில் அவன் வாசல்வரை வந்தான். ஸ்கேனுக்கு வரப் போவதில்லை என்று அவளைப் பார்க்காமலே சொன்னான். வார்டில் அடுத்த கட்டிலில் ஒருத்தன் இருந்தானாம். இரண்டு பேருக்கும் ஒரே நாள் கீமோ, ஒரே நாள் ஸ்கேன். யார் குறைவாக வாந்தி எடுப்பது என்று பந்தயம் கட்டிக்கொண்டவர்கள். கடைசியாகச் சேர்ந்து எடுத்த ஸ்கேனில் அவனுக்கு நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. ஐந்தே மாதத்தில் போய்விட்டான்.

“அவனுக்கும் தொண்ணூறுக்கு மேல செத்திருந்துச்சு மேடம். அவனும் நல்லாத்தான் நடமாடிக்கிட்டு இருந்தான். பார்த்தாங்க, இருந்துச்சு. பார்க்காம இருந்திருந்தா அந்த அஞ்சு மாசமாவது நிம்மதியா இருந்திருப்பான்.”

அந்த அடுத்த கட்டில்காரனுக்குப் புள்ளிகள் எத்தனை, ஏன் வெட்டி எடுக்க முடியவில்லை என்று அட்டையில் எழுதியிருந்தது அக்காவுக்குத் தெரியும். அதைச் சாம்பல் பெட்டிக்கு மாற்றியதே அவள்தான். ஆனால் ஒருவர் அட்டையை இன்னொருவருக்கு வாசிக்க அவளுக்கு உரிமை இல்லை. எண்ணிக்கையைச் சொல்லலாம்.

“தம்பி, ஒன்பது வருஷமா நான் போன் பண்றேன். எனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்றேன். நுரையீரல்ல வந்து, இருமல் ஆரம்பிச்சப்புறம் ஓடி வந்தவங்க ஒன்பது பேர். ஒன்பது பேரும் இப்ப இல்ல. தேதிக்கு வந்து, ஒரு தொந்தரவும் இல்லாம ஸ்கேன்ல புள்ளி தெரிஞ்சு, அதை வெட்டி எடுத்தவங்க பதினொரு பேர். அதுல ஆறு பேர் இருக்காங்க. ஒருத்தர் துணி காயப்போட்டுக்கிட்டே எங்கிட்ட பேசினார். ஒருத்தி, மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்துட்டேன்னு போன வாரம்கூட என்னைத் திட்டினா.”

“ஆறு பேர்தானா?”

“ஆறு பேர்தான். அஞ்சு பேர் போயிட்டாங்க. பொய் சொல்றதா இருந்தா போன்லயே சொல்லியிருப்பேன், ரெண்டு பஸ் மாறி வந்திருக்க மாட்டேன்.”

அவன் அளவுத்தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

“எனக்கு ஒண்ணும் இல்லாமகூட இருக்கலாம் இல்ல?”

“தாராளமா இருக்கலாம். அப்ப கண்ணாடியை மாட்டிட்டு, டீ குடிச்சிட்டுப் போ. வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்கு ஸ்கேன்ல இடம் பிடிச்சு வைக்கிறேன். கடையில லீவு கேட்க வேண்டியதில்ல. வேலைக்குத்தானே வர்ற.”

அவன் அளவுத்தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டான்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கண்ணாடி வந்தது. கொண்டுவந்தவர் முதலாளி. பையனுக்கு வயிறு சரியில்லையாம், ஆஸ்பத்திரி வேலையாயிற்றே என்று தானே வந்ததாகப் பெருமையாகச் சொன்னார். பத்தே நிமிஷத்தில் மாட்டினார். அக்கா போனில் சொன்ன அளவுக்குத் துளி பிசகாமல் உட்கார்ந்தது. ஒன்பதரைக்கு ஸ்கேன் அறையிலிருந்து ஆள் வந்து, எங்கே உங்கள் நோயாளி என்று கேட்டான். வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள் அக்கா.

முதலாளி போன பிறகு சற்று நேரம் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கதவு பளபளவென்று புதிதாக இருந்தது. வலது கதவுக் கண்ணாடி, பாவம், பதினைந்து வருஷமாக ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. அக்கா அறைக் கதவைச் சாத்தினாள். மேசைமேல் காகிதங்கள் பறக்காமல் இருக்க வைத்திருந்த இரும்புக் குண்டை எடுத்தாள். அட்டைகளை ஒரு போர்வையால் மூடினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு போடு.

சத்தம் கேட்டு ஓடி வந்த நர்ஸிடம், கை தவறிவிட்டது என்றாள். கடைக்குப் போன் போட்டு, இன்னொரு கதவும் போய்விட்டது, அடுத்த வியாழன் வர வேண்டும், முதலாளி உயரம் போதவில்லை, மேல்பக்கம் எட்டவில்லை, அந்த நெட்டைப் பையனையே அனுப்புங்கள் என்று உத்தரவு போலச் சொன்னாள். முதலாளிக்குக் கொஞ்சம் மனக்கசப்புதான்.

இந்த முறை அவனே வந்தான். கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவுச் சட்டத்தில் மிச்சம் நின்ற பழைய சில்லுகளைப் பார்த்தான். விரலால் தொடாமல், விரிசல்கள் ஓடிய திசையை மட்டும் காற்றில் பின்தொடர்ந்தான்.

“இது கை தவறி உடைஞ்சதில்ல மேடம். நடுவுல ஒரே இடத்துல அடி விழுந்திருக்கு. எல்லாக் கோடும் அங்கிருந்துதான் கிளம்புது.”

“ஆமா,” என்றாள் அக்கா. “நான்தான் போட்டேன்.”

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை. சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காகிதத்தில் சுற்றினான். புதுக் கண்ணாடியைத் தூக்கிப் பொருத்தினான். முழங்கால் மடங்காததால் கீழ்ப்பக்கத்து ஆணிக்கு ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தவாறே மேசையைப் பார்த்து, தன் அட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டான்.

“பச்சையில. ஏழு தடவை நான்தான் போட்டேன். உன்னைப் பார்க்காம, ஸ்கேனைப் பார்க்காம, உன் அண்ணி சொன்னதை மட்டும் கேட்டுப் போட்டேன். நீ வராதது உன் பயம். நான் கேட்காதது என் தப்பு. உன் பயத்தை நான் ஒண்ணும் பண்ண முடியாது. என் தப்பைச் சரி பண்ணணும், அதுக்கு நீ ஸ்கேனுக்கு வரணும்.”

அவன் கடைசி ஆணியை முடுக்கினான். கண்ணாடியை முழுவதும் ஒரு துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். அப்புறம் ஸ்கேன் அறை எந்தப் பக்கம் என்று கேட்டான். எட்டு முறை போய்வந்த இடம். அவனுக்குத் தெரியாதது இல்லை. அக்கா எழுந்து முன்னால் நடந்தாள்.

வலது நுரையீரலின் அடிப்பக்கத்தில் இரண்டு புள்ளிகள். ஒன்று மிளகளவு, இன்னொன்று அதைவிடச் சின்னது. பெரிய டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். எடுத்துவிடலாம் என்றார். இரண்டே இரண்டு, ஒரே பக்கம், ஓரத்தில் இருக்கிறது. முதல் சிகிச்சை முடிந்து மூன்றரை வருஷம் கழித்துத்தான் வந்திருக்கிறது, அதுவும் நல்லதுக்குத்தான். உத்தரவாதம் எதுவும் தரமாட்டேன், ஆனால் இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் இந்தப் பேச்சையே பேசியிருக்க மாட்டேன் என்றார்.

அவன் அன்றைக்கே கடைக்குப் போய், முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னானாம். அவர், மேல்பக்கம் எட்டவில்லை என்றது பொய்தானே என்று முதலில் அதைத்தான் கேட்டாராம்.

ஆய்வுத் தாளை டாக்டரிடம் கொண்டுபோனபோது, அதில் அக்கா பென்சிலால் புதிதாக ஒரு கட்டம் கட்டியிருந்தாள்: ‘ஸ்கேனுக்குத் தேதி தவறாமல் வந்தாரா’. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இது நோயைப் பற்றிய ஆய்வு, கட்டியின் அளவும் இடமும் நோயின் குணம், வருவதும் வராததும் ஆளின் குணம், அது இதில் சேராது என்றார்.

“ஆளோட குணம்னு சொல்லாதீங்க டாக்டர். நம்ம குணம். நாம கேட்கல.”

டாக்டர் பேனாவை எடுத்தார். அக்கா கட்டிய கட்டத்தை அடிக்காமல், பென்சில் கோடுகளின்மேலேயே அழுத்தி வரைந்தார். அலமாரிக் கண்ணாடி எப்படி உடைந்தது என்று தனக்கு ஒரு செய்தி வந்திருப்பதாகவும், அதை விசாரிக்கும் உத்தேசம் இல்லை என்றும் சொன்னார்.

அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காக அக்கா பச்சைப் பெட்டியை மேசையில் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்தாள். ஐந்து வருஷம் ஸ்கேனுக்கு வர வேண்டும் என்ற கெடு இன்னும் முடியாதவர்கள் இருபத்துமூன்று பேர். அதில் தேதி தவறியவர்கள் ஏழு. பெரிய எழுத்தில் ஏழு எண்களையும் எழுதிச் சுவரில் ஒட்டினாள். போனில் இப்போது இரண்டு கேள்வி. இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் ஒருவர் லைனைத் துண்டித்தார். மறுபடி போட்டாள். மறுபடி துண்டித்தார். நாலாவது தடவை அவர் மனைவி எடுத்து, கொஞ்சம் இருங்க, அவரைப் பிடிச்சு உட்கார வெச்சுட்டுப் பேசறேன் என்றாள்.

ஆபரேஷன் அன்று காலை ஏழரைக்கு அவனை உள்ளே கொண்டுபோனார்கள். அண்ணிக்காரி வெளியே பெஞ்சில் ஒரு துணிப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். இத்தனை நாள் குரலாக மட்டும் கேட்டவளை அக்கா அன்றுதான் நேரில் பார்த்தாள். நினைத்ததைவிடச் சின்னப் பெண். ஒருமுறை அண்ணி, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேண்டாம், மாதாமாதம் எனக்குப் போன் பண்ணுங்கள், பொய் சொன்னால் அவன் காதைத் திருகி நானே கூட்டிவருகிறேன் என்றாள்.

பத்தே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்தார். தெரிந்த இரண்டையும் எடுத்தாயிற்று. விரலால் தடவிப் பார்த்தபோது ஸ்கேனில் தெரியாத மூன்றாவது ஒன்று தட்டுப்பட்டது, அரிசி நுனி அளவு, அதையும் எடுத்தாயிற்று. கண்ணுக்கும் கைக்கும் தெரிந்து மிச்சம் ஏதுமில்லை. இனி மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன், தவறக் கூடாது. அண்ணி பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் நாள் அக்கா வார்டுக்குப் போனாள். அவன் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நெஞ்சின் பக்கவாட்டில் குழாய். கையில், மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏறும் அந்தப் பிளாஸ்டிக் கருவி. மூன்று பந்தில் ஒன்றுதான் ஏறுகிறது, இழுத்தால் தையலில் உயிர் போகிறது என்றான். அக்கா ஒரு தாளை நீட்டினாள். அடுத்த ஸ்கேன் தேதி. படித்துவிட்டு மடிக்கப் போனவனை நிறுத்தி, வாய்விட்டுச் சொல்லச் சொன்னாள். சொன்னான். கிழமையையும் சேர்த்துச் சொல் என்றாள். கிழமையையும் சொன்னான்.

“நான் நிஜமாவே ஆறு பேர்ல சேருவேனா மேடம், இல்ல அஞ்சு பேர்லயா?”

“தெரியாது தம்பி. தேதிக்கு வா. ஒவ்வொரு தேதியா பார்ப்போம்.”

கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னான். முடியாது என்றாள். பதினொரு மணிக்கு ஒரு பஸ் கண்டக்டர் வருகிறார். சுவரில் ஒட்டிய ஏழில் மூன்றாமவர், பதிமூன்று மாதம் தவறியவர். வழியிலேயே மனசு மாறித் திரும்பிவிடக் கூடிய ஆள் என்று குரலிலேயே தெரிந்ததால், வாசலிலேயே நின்று பிடிக்க வேண்டும். சொல்லிக்கொண்டே கதவை நோக்கி நடந்தாள். பின்னால் பிளாஸ்டிக் குழாயில் காற்று உறிஞ்சப்படும் சத்தம் கேட்டது; நின்றது; பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தொடங்கியது.